பைப் செக்‌ஷனில் ஸ்டாப்வாட்ச்

4 ஆகஸ்ட், திங்கள்

விடியும்போதே புழுக்கம். கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்துக்கு இருபது நிமிடம் தாமதம். ஜன்னல் சீட்டும் போச்சு. பக்கத்தில் பெயின்ட் ஷாப் சரவணன், வாயில் பூண்டு வாடை. ஒரகடம் வரை அவன் மச்சான் கல்யாணக் கதை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:
ஸ்டாப்வாட்ச்சுக்கு பேட்டரி.
பைப் செக்‌ஷன் டைம் ஸ்டடி, மூன்று வண்டி.
செருப்பு வார் தைக்க.
ஹாஸ்டல் அக்காவிடம் வாளி விஷயம் (சண்டையாகவே கேட்க வேண்டும்).

பத்து மணிக்கு பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார். இனி பி.எம். என்றே எழுதுகிறேன். முழுப் பதவியை எழுதும் அளவுக்கு அந்த ஆள் மேல் மரியாதை இல்லை.

விஷயம் இதுதான். நாங்கள் செய்யும் லோடர் வண்டி ஒன்றுக்கு முப்பத்திநாலு ஹைட்ராலிக் பைப். இப்போது நீளக் குழாயாக வாங்கி, இங்கேயே அறுத்து, பிசிறு எடுத்து, வளைத்து, முனையில் நட் ஏற்றி, கழுவி, வண்டியில் மாட்டுகிறோம். அதற்கென்று நாலு பேர், தனி செக்‌ஷன். ஒரு சப்ளையர் வந்திருக்கிறான். எல்லாவற்றையும் அவனே வளைத்து, கழுவி, இரண்டு முனையும் மூடி, நம்பர் ஒட்டி, வண்டிக்கு ஒரு பெட்டி என்று தயாராகக் கொடுப்பானாம். பெட்டியைத் திறந்து மாட்ட வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

“நம்ம ஆளுங்க ஒரு வண்டிக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல எடுத்தா, அவன் சொல்ற ரேட் நமக்கு லாபம். அதுக்குக் கீழன்னா நஷ்டம், விட்டுடலாம். நீ அளந்துட்டு வாம்மா. இது நடந்துச்சுன்னா அசெம்பிளி பூரா நீதான் பாத்துக்கப் போற.”

ஆறு வருடமாக அசிஸ்டென்ட் இன்ஜினியர். எனக்குப் பின்னால் வந்த மூன்று பையன்களும் மேலே போய்விட்டார்கள். எனக்கு இது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

அவர்கள் எடுப்பது நாலு மணி நேரம். எனக்குத் தெரியும். போன மாதக் கடைசியில் வண்டி அனுப்பும் அவசரத்தில் அவர்கள் வேலை செய்ததை மாடிக் கண்ணாடி ரூமிலிருந்து சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு வண்டி. ஒன்று நாலு, இன்னொன்று நாலே கால். பி.எம்.மிடம் வாயைத் திறக்கவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஆறு மணிக்கு லேசான தூறல், மண் நனைவதற்குள் நின்றுவிட்டது. நான் கிளம்பும்போது கவிதா நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்தாள். திருநெல்வேலிக்காரி. செல்போன் கம்பெனியில் லைன் வேலை. மேஜையில் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு.

“ஏட்டி, நீதானா அந்த வாட்ச்சுக்காரி? எங்க லைன்ல ஒருத்தி இதத் தூக்கிட்டு வந்தா போதும், எல்லாவளுக்கும் கைவலி வந்துரும்லா. வேகமா செஞ்சு காமிச்சா நாளைக்கு அதையே டார்கெட்டுன்னு வச்சுருவாளுவ.”

எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான். வாட்ச்சைக் கண்டால் கை தானாக மெதுவாகும். அதனால் எங்கள் டிபார்ட்மென்டில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுப்பது, வாட்ச்சைப் பாக்கெட்டுக்குள் வைத்து அளக்க வேண்டும், ஆளுக்குத் தெரியக் கூடாது.

நான் இன்று அதைச் சிவப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன்.

பைப் செக்‌ஷனில் பெரிய ஆள் தனபால். நாற்பத்தாறு வயது, வாலாஜாபாத் பக்கம். மற்ற மூவரும் சின்னவர்கள், அவர் மூக்கைச் சொறிந்தால் இவர்களும் சொறிவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பைப் வளைவு டிராயிங்படி இல்லை என்றேன். “இது கோலம் போடற மாதிரி இல்ல மேடம்” என்றார். மறுநாள் என் மேஜையில் ஒரு கோலப்பொடி பாக்கெட். யார் வைத்தது என்று கேட்கவில்லை. அசெம்பிளி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. மறக்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

இன்று என்னைப் பார்த்ததும், “இன்னா மேடம், கழுத்துல புதுசா தாலி ஏறிக்கீது?” மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

டீ கவுன்டரில் தனியாக வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“மேடம், இது எதுக்கு? டார்கெட் ஏத்தப் போறாங்களா?”

“ஆமாங்க. அப்படித்தான் பேச்சு.”

“சரி மேடம். நல்ல வேளை சொன்னீங்க.”

அவர் திரும்பிப் போய் மூவரிடமும் ஏதோ சொன்னதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். கை இரண்டையும் தரையை நோக்கி மெல்ல அமுக்கிக் காட்டினார். டீ ஆறிப் போயிருந்தது. முழுக்கக் குடித்தேன்.

முதல் வண்டி: 6 மணி 35 நிமிடம்.

7 ஆகஸ்ட், வியாழன்

இரண்டாவது வண்டி நேற்று: 6.45. மூன்றாவது இன்று: 6.40. சராசரியும் அதே 6.40. இவ்வளவு ஒழுங்காக மெதுவாக வேலை செய்வதற்கும் ஒரு திறமை வேண்டும்.

இன்று நான் பார்த்தவை. அரம் காணவில்லை என்று பதினொரு நிமிடம், அது தனபாலின் பின் பாக்கெட்டில். ஒரே பைப்பை மூன்று முறை அளந்தார்கள். நட் கையிலிருந்து விழுந்து, நாலு பேரும் தேடி, நாலு பேரும் கிடைத்துவிட்டது என்றார்கள். நல்ல குழாய் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து யோசனை செய்தார் தனபால், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போட்டோவைப் பார்ப்பது போல. எல்லாவற்றையும் நிமிடத்தோடு எழுதிக்கொண்டேன். நான் எழுத எழுத அவர்களுக்கு உற்சாகம்.

நிறுத்தியிருக்கலாம். “எப்பவும் போலச் செய்ங்க, டார்கெட்டுக்கு இல்ல” என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது என்றெல்லாம் பொய் எழுத மாட்டேன். வரவே இல்லை.

செருப்பு வார் மறுபடி அறுந்தது.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. நாலு மணியிலிருந்து மைக் செட். கவிதா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அம்மனைத் திட்டினாள்.

தனபால் ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு அரை நாள் கழித்து வந்தார். ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய எனக்குக் கூழ், இலையில் சுற்றிய முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம்.

“வூட்ல குடுத்து வுட்டாங்க மேடம். நீங்க சொன்னத சொன்னேன். நல்ல மனசுனு சொல்லிகினு இருந்தா.”

பிறகு தயங்கி, “டார்கெட் ஏறாதுல்ல மேடம்?”

“ஏறாது” என்றேன். அதில் பொய் இல்லை.

நல்ல கூழ். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு ரிப்போர்ட்டை பி.எம்.முக்கு அனுப்பினேன். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் 6.40 தடித்த எழுத்தில்.

14 ஆகஸ்ட், வியாழன்

சப்ளையருக்கு ஆர்டர் போய்விட்டது. ஒரு வருட ஒப்பந்தம், இனி ரத்து செய்ய முடியாது. நாளை சுதந்திர தினம். கேட்டில் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், காய்வதற்குள் சரவணன் சாய்ந்து முதுகெல்லாம் வெள்ளை. ஒரு வாரமாகச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தேன்.

எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வது: தயார் பைப் நல்ல பொருள்தான். இங்கே அறுக்கும்போது உள்ளே விழும் இரும்புத் தூள் ஒரு சிட்டிகை போதும், வால்வு கெட்டுவிடும். கழிவுத் துண்டு இல்லை. இடம் மிச்சம். வண்டி நிற்காது. எல்லாம் உண்மை. ஆனால் நாலு மணி நேரத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ரிப்போர்ட்டில் முதல் உண்மை மட்டும் இருக்கிறது.

18 ஆகஸ்ட், திங்கள்

வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. பதினொரு மணிக்கு மீட்டிங். பி.எம்., எச்.ஆர். ஜோசப், நான். எதிரில் பைப் செக்‌ஷன் நாலு பேரும், உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டு.

பி.எம். சொல்லி முடித்தார். செக்‌ஷன் மூடல். மூவருக்கு செட்டில்மென்ட், தனபாலுக்கு மட்டும் ஸ்டோர்ஸில் இடம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் சொன்னார். திரையில் என் ரிப்போர்ட்.

தனபால் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி.

“இந்த ஆறு நாப்பது எங்களுதா சார்?”

“பின்ன? மேடம் பக்கத்துல நின்னு அளந்தது.”

“சார், நாங்க நாலு மணி நேரத்துல முடிப்போம் சார். இன்னா சார் இது, நாலு மணி நேரம்தான் சார் ஆவும்.”

“அப்படியா? செஞ்சு காட்டுங்க” என்றார் பி.எம். வேடிக்கை பார்க்கிற ஆசை அவருக்கு.

தனபால் என் பக்கம் திரும்பவில்லை. இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன். மதியம் சாப்பிடவில்லை. சாம்பார் சகிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

காலை எட்டுக்கு ஆரம்பித்தார்கள். பி.எம்., ஜோசப், டீ பிரேக்கில் வந்த கூட்டம். வாட்ச் என் கையில்.

பேச்சே இல்லை. ஒருவன் அறுத்து நீட்ட, அடுத்தவன் பிசிறு எடுக்க, தனபால் வாங்கி வளைக்க, கடைசிப் பையன் கழுவி மாட்ட. தனபால் ஒரு முறைகூட டேப் எடுக்கவில்லை. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கக்கூட நேரம் செலவழிக்கவில்லை. சின்னவன் ஒருவனுக்கு விரல் கிழிந்தது. துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

3 மணி 52 நிமிடம். பிரஷர் ஏற்றிப் பார்த்தார்கள். முப்பத்திநாலு பைப்பிலும் ஒரு துளி கசிவு இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். பி.எம். தட்டினார். என் கை சில்லிட்டிருந்தது. ஒழிந்தேன் என்று நினைத்தேன். ரிப்போர்ட், ப்ரமோஷன், ஆறு வருடம், எல்லாம் போச்சு. நாலு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிமிடம் அவர்களை எவ்வளவு வெறுத்தேன் என்பதை எழுத இந்தப் பேனா போதாது.

அப்போது ஜோசப், எப்போதும் பேசும் அதே மெல்லிய குரலில்:

“சூப்பர் தனபால். அப்போ அந்த வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டே முக்கால் மணி நேரம் எங்க போச்சு?”

கை தட்டல் நின்றது. பி.எம். முகம் மாறியது. “வேணும்னே இழுத்திருக்கானுங்க” என்றார், கண்டுபிடித்த சந்தோஷத்தோடு.

என் கைக்கு மறுபடி சூடு வந்தது. கம்பெனியின் நிலை ஆணைப்படி, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வது ஒழுங்கீனம். ஆர்டரோ ஏற்கெனவே போய்விட்டது. 3.52 யாருக்கும் பயன்படாது, அவர்களைப் பிடிப்பதற்குத் தவிர.

20 ஆகஸ்ட், புதன்

எச்.ஆர். ரூம். ஏ.சி. பதினெட்டில், எலும்பு வரை குளிர். ஜோசப், தனபால், நான்.

“ஏன் மெதுவா செஞ்சீங்க?”

“டார்கெட்டுக்குனு மேடம்தான் சார் சொன்னாங்க.”

ஜோசப் என்னைப் பார்த்தார். எனக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

“இல்ல சார். நான் அப்படி எதுவும் சொல்லல.”

தனபால் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று தயாராக இருந்தேன், கத்துவார், அப்போது ஜோசப்புக்கு இன்னும் சுலபமாகிவிடும். அவர் கத்தவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“சரி சார். பசங்க மேல ஒண்ணும் இல்ல. மெதுவா செய்யச் சொன்னது நான்தான். என் பேர்ல எழுதிக்குங்க.”

ஜோசப் பேனாவை எடுத்த வேகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓர் இடத்திலாவது இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்: நான் சொன்னேன். டீ கவுன்டரில், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு.

கவிதாவிடம் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன், யாரோ ஒரு இன்ஜினியர் என்று. “அவ வெளங்குவாளா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனாள்.

22 ஆகஸ்ட், வெள்ளி

முடிவு. மூவருக்கு செட்டில்மென்ட். தனபாலுக்கு ஸ்டோர்ஸ் இல்லை. தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் சேர வேண்டியது வரும், விசாரணை என்று நின்றால் அதுவும் வராது. எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ், நாலு வரி. ‘சொந்தக் காரணங்களுக்காக.’

மூவர் வெளியே போய்க் கேட்டில் கூட்டம் சேர்க்கக் கூடாது என்று ஜோசப் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு இனிப்பாகப் பேசினார். “உங்க வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. பைப் வெளிய வாங்கறது முன்னாடியே முடிவானது. நீங்க எப்படி செஞ்சிருந்தாலும் இதேதான்.” நம்பிவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது தனபால் பெரிய மனிதர். தங்களுக்காக வேகமாகச் செய்து காட்டியவர், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். சால்வை வாங்கிப் போட்டார்கள், சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்தில். விரல் கிழிந்தவன் அவர் காலில் விழுந்தான். அவர் பதறி விலகினார்.

மாடியிலிருந்து பார்த்தேன். சால்வை மட்டமான பச்சை.

25 ஆகஸ்ட், திங்கள்

முதல் பெட்டி வந்தது. முப்பத்திநாலு பைப், வரிசையாக, இரண்டு முனையிலும் மஞ்சள் மூடி. உள்ளே ஒரு தூள் இல்லை. முந்தாநாள் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர், நம்பரைப் பார்த்துப் பார்த்து மாட்டினார்கள். 55 நிமிடம். ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது, இழுத்து மாட்டியாகிவிட்டது.

வேலை சுத்தம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பி.எம். கை கொடுத்தார். ஈரக் கை. சாயங்காலம் லெட்டர் வந்தது: சீனியர் இன்ஜினியர், அசெம்பிளி. என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. அம்மாவுக்கு போன் செய்தேன், அழுதாள். நான் புதுச் செருப்பு வாங்கினேன்.

தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. வராது என்று எதிர்பார்த்தேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

பகல் முழுக்க வெயில், ஐந்து மணிக்கு மேல் காற்று. பிள்ளையார் சதுர்த்திப் பந்தல்களைப் பிரிக்கிறார்கள், ரோடெல்லாம் கலர் காகிதம். அரை நாள் ஓ.டி. பஸ்ஸை விட்டுவிட்டேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றேன்.

தனபால். யூனிஃபார்ம், ஷூ, லாக்கர் சாவி திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். ஜனம் இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டு அடி நகர்ந்தேன், அடிப்பாரோ என்று.

“பயப்படாதீங்க மேடம். நீங்க ஆபீஸ்ல சொன்னத பத்தி நான் பேச வரல. அது போவட்டும்.”

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெளிய வாங்கறது முன்னாடியே முடிவானதுனு ஜோசப் சார் பசங்கள்ட்ட சொல்லிக்கீறாரு. நெசமா மேடம்? அன்னிக்கி நாங்க எப்பவும் போல நாலு மணி நேரத்துல முடிச்சிருந்தா, பைப் வெளிய போயிருக்குமா?”

போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி வேலை. பொய் எனக்கு இப்போது கை வந்த கலை. அது ஒன்றுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய நல்லது என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் என்னை மன்னித்துவிட்ட முகத்தோடு நின்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை. யார் கேட்டார்கள் அவர் மன்னிப்பை?

“போயிருக்காது” என்றேன். “அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ இருந்தா விட்டுடலாம்னுதான் பேச்சு. நீங்க எப்பவும் போல செஞ்சிருந்தா நாலு பேரும் இன்னிக்கு உள்ளதான் இருப்பீங்க.”

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார். வாய் மட்டும் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது.

“மெதுவா செய்யினு சொன்னது நான் மேடம். கிழிஞ்ச விரலோட இருந்தான் பாருங்க, அவன் அன்னிக்கே கேட்டான். ‘அண்ணா, மெதுவா செஞ்சா நம்மள தூக்கிடுவாங்களோ’னு. நான்தான் தலைல தட்டி உட்கார வெச்சேன்.”

பஸ் திரும்புவது தெரிந்தது. நான் படிப் பக்கம் போனேன். கூடவே வந்தார். கூட்டத்துக்கு நடுவில், யாருக்கும் கேட்காமல், என் காதருகில் குனிந்தார்.

“பசங்களுக்கு இது தெரியாது. ஜோசப் சார் சொன்னதையே நம்பிகினு கீறானுங்க. நீங்க சொல்லிடாதீங்க மேடம். உங்க கால்ல வேணா வுழறேன்.”

“சொல்ல மாட்டேன்.”

துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையும் கூப்பினார். பின்னால் நின்றவள் ஏறு ஏறு என்று என் முதுகைத் தள்ளினாள்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்றார்.

“பரவாயில்ல” என்று சொல்லியிருக்கிறேன்.